கோட்டில் இருக்கும் பட்டர்ன் பிடிபடவில்லையா? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் சின்னச் சின்ன மென்பொருள் குழுக்கள் இருக்கின்றன. அரிசி ஆலைக்குப் பில்லிங், மருதமுனைக் கைத்தறிக் கடைக்கு ஸ்டொக், கூட்டுறவுச் சங்கத்துக்குக் கடன் கணக்கு என்று எழுதிக் கொடுப்பார்கள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ படித்து முடித்த பிள்ளைகள் எழுதுவார்கள். கொஞ்சம் கை தேர்ந்ததும் கொழும்புக்கோ கட்டாருக்கோ போய்விடுவார்கள். அவர்கள் எழுதிய நிரல், அதாவது கோட், இங்கேயே நிற்கும். அதைக் கையில் வாங்கித் திருத்திக் கொடுப்பது என் வேலை. திரும்பத் திரும்ப வருவது ஒரே கோளாறுதான்: டிசைன் பட்டர்ன் (அடிக்கடி வரும் சிக்கலுக்குக் கோட்டை ஒழுங்குபடுத்தும் தெரிந்த முறை) போட்டு எழுதியிருப்பார்கள், எதற்காகப் போட்டார்கள் என்று எங்கும் எழுதியிருக்க மாட்டார்கள்.

பட்டர்ன் பாடம் இதில் இல்லை. உங்கள் கோட்டில் என்ன அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், பெரிய வேலை கடைசியில் வரும்.

தொடங்குமுன்

கோட்டின் ஒரு பிரதியை உங்கள் கணினியில் ஓட வையுங்கள். எந்த ஒப்ஜெக்ட் உண்மையில் வந்து நிற்கிறது என்பது ஓடும்போதுதான் தெரியும். கிட் (கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வரலாறு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸிப் கோப்பாகவே கைமாறி வந்த கோட் என்றால் இன்றே ஒரு ரெபோ (கிட் களஞ்சியம்) தொடங்கி முதல் பதிவான கமிட்டைப் போட்டுவிடுங்கள்.

தொழில் தெரிந்த ஒருவரின் தொலைபேசி எண்ணும் வேண்டும். ஆலைக் கணக்கப்பிள்ளை, கடை முகாமையாளர், யாராவது. பட்டர்ன் போட்ட காரணம் பல நேரம் அவர்களுக்குத்தான் தெரியும்.

பெரும்போக அறுவடை நேரத்தில், நெல் வண்டி ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் கை வைக்காதீர்கள். படியுங்கள், குறிப்பு எழுதுங்கள். மாற்றம் அப்புறம்.

அறிகுறி 1: பெயர் ஒன்று, வேலை வேறொன்று

கிளாஸ் பெயரில் ஃபாக்டரி (மற்ற ஒப்ஜெக்ட்டுகளை உருவாக்கிக் கொடுப்பது), சிங்கிள்டன் (ஒரே ஒரு ஒப்ஜெக்ட்டை மட்டும் அனுமதிப்பது), ஃபசாட் என்று இருக்கும். உள்ளே அந்த வேலை நடக்காது.

*ஃபிரேம்வேர்க் வைத்த பெயரா?* முதலில் இதைப் பாருங்கள், ஏனென்றால் இதில் திருத்த ஒன்றுமே இருக்காது. எரிக் காமாவும் மற்ற மூவரும் 1994-இல் தங்கள் புத்தகத்தில் 23 பட்டர்ன்களைத் தொகுத்தபோது ஃபசாட் என்றது, சிக்கலான ஒரு தொகுதிக்கு முன்னால் வைக்கும் எளிய முகப்பை. பிஎச்பி ஃபிரேம்வேர்க்கான லாராவெலில் ஃபசாட் என்பது வேறு. சேர்விஸ் கொன்டெய்னருக்குள் (ஒப்ஜெக்ட்டுகளை உருவாக்கிக் கொடுக்கும் இடம்) இருக்கும் ஒப்ஜெக்ட்டை ஸ்டாட்டிக் மெதட் போலக் கூப்பிட விடும் வாசல் அது. ஜாவா ஃபிரேம்வேர்க்கான ஸ்பிரிங்கின் சிங்கிள்டனும் அப்படித்தான்: ஒரு கொன்டெய்னருக்குள் ஒரு பீனுக்கு (ஸ்பிரிங்கிடம் பதிந்த ஒன்றுக்கு) ஒரு ஒப்ஜெக்ட். நீங்களே நியூ போட்டு இன்னொன்று எடுத்தால் அந்தக் கிளாஸ் தடுக்காது. ஜாவாவின் கலண்டர் கிளாஸில் கெட்இன்ஸ்டன்ஸ் மெதட்டைப் பார்த்துவிட்டு சிங்கிள்டன் என்று எழுதி வைத்த குறிப்புகளும் உண்டு. அது கூப்பிடும் ஒவ்வொரு தரமும் புது ஒப்ஜெக்ட் கொடுக்கிறது. இந்த மாதிரி இடத்தில் "லாராவெல் சொல்லும் ஃபசாட்" என்று ஒரு வரி குறித்துவிட்டு நகருங்கள்.

*பாதியில் நின்ற வேலையா?* சிங்கிள்டன் என்றால் கொன்ஸ்ட்ரக்டர் பிரைவேட்டா என்று பாருங்கள். ஃபாக்டரி என்றால், அது உருவாக்க வேண்டிய கிளாஸை வேறு யாராவது நேரடியாக நியூ போடுகிறார்களா என்று முழு புரொஜெக்டிலும் தேடுங்கள். இரண்டு மூன்று இடம் அகப்பட்டால் அவற்றை ஃபாக்டரி வழியாகத் திருப்பிவிடுங்கள், முடிந்தது.

*தேவையில்லாமல் வந்ததா?* ஒரே ஒரு பொருளை மட்டும் உருவாக்கும் ஃபாக்டரி. இரண்டாவது வரப்போகிறதா என்று தொழில்காரரைக் கேளுங்கள். வராது என்றால் கழற்றிவிடலாம்.

பெயரை மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை: அந்தக் கிளாஸ் பெயர் எழுத்தாக எங்காவது சேமிக்கப்பட்டிருக்கிறதா? லாராவெலின் பொலிமோர்ஃபிக் உறவுகள் (ஒரே பதிவு பல வகைப் பொருள்களோடு இணையும் முறை), வேறு பெயர் கொடுக்காவிட்டால், கிளாஸ் பெயரையே டேட்டாபேஸில் எழுதும். கோட்டில் பெயரை மாற்றினால் பழைய பதிவுகள் அனாதையாகிவிடும். கொன்ஃபிக் கோப்புகளையும் தேடுங்கள்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* பல த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) ஓடும் சேவரில், சிங்கிள்டனுக்குள் லொக் (பூட்டு) போட்டு, ஒப்ஜெக்ட் இன்னும் இல்லையா (null) என்று இரண்டு தரம் பார்க்கும் கோட் இருந்தால். ஜாவாவில் அந்த ஃபீல்டு வொலட்டைல் ஆக இருக்க வேண்டும், அதுவும் ஜாவா 5-இலிருந்துதான் சரியாக வேலை செய்யும். அது இருந்தும் சில நாளில் மட்டும் கணக்குப் பிசகுகிறது என்றால், த்ரெட் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். ஊகித்து லொக் போடாதீர்கள்.

அறிகுறி 2: பெயரே இல்லை, ஒரு கிளிக் ஏழெட்டுக் கிளாஸ் தாண்டிப் போகிறது

மேலிருந்து படித்துக்கொண்டு போனால் வழி தவறிவிடும். கடைசியில், டேட்டாபேஸில் எழுதும் இடத்தில் பிரேக்பொயின்ட் (ஓட்டத்தை அந்த வரியில் நிறுத்தும் குறி) வையுங்கள். ஓட்டுங்கள். நின்றதும் கோல் ஸ்டாக்கில் (எது எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) வரிசையாகத் தெரியும் ஒவ்வொரு ஒப்ஜெக்ட்டின் உண்மையான கிளாஸ் பெயரைத் தாளில் எழுதுங்கள். இன்டர்ஃபேஸ் பெயரை எழுதினால் பயனில்லை.

பிறகு ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி: இதை யார் உருவாக்கினார்கள், யார் கையில் வைத்திருக்கிறார்கள், ஓடும்போது இதன் இடத்தில் வேறொன்று வர முடியுமா.

ஒரே இன்டர்ஃபேஸைக் கொண்ட ஒப்ஜெக்ட் தன்னைப் போன்ற இன்னொன்றை உள்ளே வைத்துக்கொண்டு அதையே கூப்பிட்டால் டெக்கரேட்டர் அல்லது ப்ரொக்ஸி. பிள்ளைகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சுற்றிக் கூப்பிட்டால், பிள்ளைகளும் அதே வகை என்றால், கொம்போசிட். பெற்றோர் கிளாஸில் முழு வரிசையும் இருந்து, நடுவில் ஒன்றிரண்டு மெதட் மட்டும் பிள்ளைக் கிளாஸில் நிரப்பப்பட்டால் டெம்ப்ளேட் மெதட். செய்ய வேண்டிய வேலையே ஒரு ஒப்ஜெக்ட்டாகி வரிசையில் காத்து நின்றால் கொமாண்ட்.

ஒன்றோடும் ஒத்துவரவில்லையா? வெறும் அடுக்குகளாக இருக்கலாம், ஒவ்வொரு அடுக்கும் அடுத்ததைக் கூப்பிடுவதோடு சரி. அப்படியென்றால் "பட்டர்ன் இல்லை, வழி இப்படிப் போகிறது" என்று எழுதுங்கள். இல்லாத பெயரை ஒட்டிவிட்டால், அடுத்து வருபவர் அந்தப் பெயரை நம்பி அந்தப் பட்டர்னின் மற்றப் பாகங்களையும் தேடி அலைவார். பெயர் இல்லாத குறிப்பை விடப் பிழையான பெயர் உள்ள குறிப்பு ஆபத்தானது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கிட் வரலாறு இருந்தால் இன்னொரு நல்ல வழி உண்டு. ஒரு இன்டர்ஃபேஸுக்கு இரண்டாவது கிளாஸ் எந்தக் கமிட்டில் வந்தது என்று தேடுங்கள். முதலாவது எழுதும்போது பட்டர்ன் தேவையாக இருக்காது, இரண்டாவது வந்தபோதுதான் தேவை பிறக்கும். அந்தத் திகதியை வைத்துக்கொண்டு கணக்கப்பிள்ளையைக் கேளுங்கள்: "அந்த மாதம் ஆலையில் புதிதாக என்ன தொடங்கினீர்கள்?" வரும் பதில்தான் நீங்கள் எழுத வேண்டிய காரணம்.

அறிகுறி 3: இது ஸ்டேட்டா ஸ்ட்ரட்டஜியா என்று குழுவில் வாக்குவாதம்

இரண்டுக்கும் கிளாஸ் படம் ஒன்றுதான். ஒரு கிளாஸ் ஒரு இன்டர்ஃபேஸைக் கையில் வைத்திருக்கும், அந்த இன்டர்ஃபேஸுக்குப் பல கிளாஸ்கள். படத்தைப் பார்த்து முடிவு கட்ட முடியாது. படத்தை மட்டும் போட்டு ஆவணம் என்று வைத்தவர்களின் கோட்டில்தான் இந்த வாக்குவாதம் அதிகம் வரும்.

நெல் கொள்வனவு மென்பொருள் ஒன்றை எடுப்போம். நாட்டு, சம்பா, கீரிச்சம்பா என்று இனத்துக்கு ஒரு விலை. அதோடு ஈரப்பதம். அரசாங்கக் கொள்வனவில் 14 சதவீத ஈரம்தான் அளவுகோல். அறுவடை இயந்திரத்திலிருந்து நேராக வரும் பச்சை நெல்லில் ஈரம் கூட, அதற்குக் கழிக்கும் முறை ஆலைக்கு ஆலை வேறு. ஆகவே விலைக் கணிப்பைத் தனித்தனிக் கிளாஸாகப் பிரித்திருப்பார்கள். எந்தக் கணிப்பு என்பதைத் தராசடியில் நிற்பவர் திரையில் தெரிவு செய்கிறார். தெரிவு செய்த பிறகு அந்தக் கணிப்பு தானாக இன்னொன்றாக மாறாது. நாட்டு நெல்லின் கணிப்புக்குக் கீரிச்சம்பா என்று ஒன்று இருப்பதே தெரியாது. இது ஸ்ட்ரட்டஜி.

அதே மென்பொருளில் நெல் லொட் ஒன்று எடை போட்டது, ஈரம் பார்த்தது, விலை முடிந்தது, காசு கொடுத்தது என்று நகரும். விலை முடிந்த பிறகு எடையை மாற்ற முடியாது. காசு கொடுத்த பிறகு ஒன்றையுமே மாற்ற முடியாது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கிளாஸ். ஒரு நிலை தன் வேலை முடிந்ததும் லொட்டை அடுத்த நிலைக்குத் தள்ளுகிறது. வெளியே இருப்பவர் நிலையைத் தெரிவு செய்வதில்லை. இது ஸ்டேட்.

ஆகவே சோதனை எளிது. அந்த ஒப்ஜெக்ட்டை மாற்றும் வரியைத் தேடுங்கள். மாற்றுபவர் வெளியாளா, உள்ளேயிருந்தே மாறுகிறதா? ஒரு கிளாஸ் தன் தம்பிக் கிளாஸின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறதா? கூப்பிட்டால் அநேகமாக ஸ்டேட்.

டெக்கரேட்டர், ப்ரொக்ஸி, அடாப்டர் மூன்றும் இதே மாதிரிக் குழப்பும். இன்டர்ஃபேஸ் மாறுகிறது என்றால் அடாப்டர், வங்கியின் பேமென்ட் லைப்ரரியை நம் இன்டர்ஃபேஸுக்குள் அடக்குவது போல. மாறவில்லை என்றால், உள்ளே இருக்கும் ஒப்ஜெக்ட்டை யார் கொடுத்தது என்று பாருங்கள். வெளியிலிருந்து கொடுத்து, ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்க முடிந்தால் டெக்கரேட்டர். ஜாவாவில் ஃபைல் ஸ்ட்ரீமைப் பஃபர்ட் ஸ்ட்ரீமுக்குள் வைப்பது அதுதான். உள்ளே இருப்பதைத் தானே தேடி எடுத்து, எப்போது தொட விடலாம் என்று தீர்மானித்தால் பெரும்பாலும் ப்ரொக்ஸி.

அதற்குப் பிறகும் முடிவு வரவில்லை என்றால் வாக்குவாதத்தை விடுங்கள். "வெளியிலிருந்து தெரிவு செய்யப்படுகிறது, தானாக மாறாது" என்று நடத்தையை எழுதிவிடுங்கள். அடுத்தவருக்கு வேண்டியது அதுதான். இதற்கு வெளியாளைக் கூப்பிடத் தேவையில்லை.

அறிகுறி 4: பில் போட்டதும் எங்கிருந்தோ எஸ்எம்எஸ் போகிறது, யார் அனுப்பியது தெரியவில்லை

அல்லது, நெல் கொடுத்த போடியாருக்கு (வயல் சொந்தக்காரருக்கு) ஒரே எஸ்எம்எஸ் இரண்டு தரம் போகிறது. இரண்டும் ஒப்சேர்வர் பக்கத்துக் கோளாறு. ஒரு இடத்தில் ஒன்று நடந்ததும் (ஈவென்ட்), முன்பே பதிவு செய்துகொண்ட ஒப்ஜெக்ட்டுகளுக்கு (கேட்பவர்கள்) அறிவிக்கும் பட்டர்ன் அது. பில் கிளாஸைப் படித்தால் எஸ்எம்எஸ் என்ற சொல்லே இருக்காது. அதுதான் அந்தப் பட்டர்னின் பயன், படிப்பவருக்குத் தொல்லையும் அதுவே.

கேட்பவர்கள் யார் யார் என்று முதலில் பட்டியல் எடுங்கள். பதிவு செய்யும் மெதட்டின் பெயரை முழு புரொஜெக்டிலும் தேடுங்கள். லாராவெல் என்றால் பதிவான ஈவென்ட்டுகளைப் பட்டியலிடும் கட்டளை இருக்கிறது, அதை ஓட்டுங்கள். பட்டியல் வந்ததும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

*இரண்டு தரம் பதிவாகிறதா?* இரட்டை எஸ்எம்எஸ்ஸுக்கு மிகச் சாதாரணமான காரணம். டெஸ்க்டொப் மென்பொருளில் திரையைத் திறக்கும்போது பதிவு செய்வார்கள், மூடும்போது நீக்க மறந்திருப்பார்கள். மூன்று தரம் திறந்தால் மூன்று எஸ்எம்எஸ். சோதிக்க, மென்பொருளை மூடித் திறந்து முதல் பில்லைப் போடுங்கள். ஒன்று மட்டும் போனால் காரணம் இதுதான். மூடாமல் நாள் முழுக்க ஓடினால் நினைவகம் ஏறிக்கொண்டே போவதும் இதனால் வரலாம். நீக்கப்படாத கேட்பவன் தன் திரையையும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பான். லாராவெலில், கேட்பவர்களை ஃபிரேம்வேர்க் தானாகக் கண்டுபிடிக்க விட்டுவிட்டு, அதையே கையாலும் பதிவு செய்திருந்தால் இரண்டு தரம் ஓடும்.

*வரிசையை நம்பியிருக்கிறதா?* ஸ்டொக் குறைந்த பிறகுதான் லெஜர் எழுத வேண்டும், ஆனால் இரண்டும் தனித்தனிக் கேட்பவர்கள். ஜாவாவின் பழைய ஒப்சேர்வபிள் கிளாஸ் அறிவிப்பு வரிசைக்கு உத்தரவாதம் தருவதில்லை. 2017-இல் ஜாவா 9 வந்தபோது அதைக் கைவிட வேண்டியதாகக் குறித்ததற்குச் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. வரிசை முக்கியமென்றால் அந்த இரண்டையும் ஒப்சேர்வரிலிருந்து வெளியே எடுத்து, ஒரே மெதட்டில் அடுத்தடுத்துக் கூப்பிடுங்கள். எஸ்எம்எஸ் அங்கேயே இருக்கட்டும், அது முந்தினாலும் பிந்தினாலும் கணக்குப் பிழைக்காது.

*ஒரு அறிவிப்புக்குள் இன்னொரு அறிவிப்பா?* கேட்பவன் ஒருவன் தன் வேலையில் இன்னொரு ஈவென்ட்டைக் கிளப்புவான், அது சுற்றி முதல் இடத்துக்கே வரும். ஓட்டப் பதிவு (log) வரியில், எத்தனையாவது அறிவிப்புக்குள் நிற்கிறது என்ற ஆழத்தையும் எழுதி ஓட்டிப் பாருங்கள்.

இந்தப் பட்டர்னுக்குக் குறிப்பு எழுதும் இடம் முக்கியம். ஈவென்ட்டைக் கிளப்பும் வரிக்கு மேலேயே எழுத வேண்டும்: யார் கேட்கிறார்கள், வரிசை முக்கியமா, ஒருவர் தோற்றால் மற்றவை ஓடுமா. தனிக் கோப்பில் எழுதினால், பில் கிளாஸைப் படிப்பவர் அதைத் தேட வேண்டும் என்றே அறிய மாட்டார்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* காசு சம்பந்தப்பட்ட கேட்பவன் கியூவில் பின்னணியில் ஓடி, ட்ரான்ஸாக்ஷன் முடிவதற்கு முன்னரே பழைய தொகையைப் படிக்கிறான் என்று சந்தேகம் வந்தால். சங்கத்துக் கடன் கணக்கில் இதைச் சோதனை முறையில் திருத்திப் பார்க்கக் கூடாது.

அறிகுறி 5: பட்டர்ன் இருந்தும், புதிதாக ஒன்று சேர்க்கப் பத்துக் கோப்பு மாறுகிறது

ஒவ்வொரு பட்டர்னும் ஒரு பக்கத்து மாற்றத்தை இலகுவாக்கி, இன்னொரு பக்கத்தைக் கடினமாக்கும். விசிட்டர் (செயலைப் பொருளின் கிளாஸுக்கு வெளியே தனிக் கிளாஸாக வைப்பது) இருந்தால் புதுச் செயல் சேர்ப்பது இலகு, புது வகைப் பொருள் சேர்த்தால் எல்லா விசிட்டரையும் தொட வேண்டும். அப்ஸ்ட்ராக்ட் ஃபாக்டரியில் (ஒன்றோடொன்று சேரும் பொருள்களைக் குடும்பமாக உருவாக்குவது) புதுக் குடும்பம் சேர்ப்பது இலகு, குடும்பத்துக்குள் புதுப் பொருள் வந்தால் எல்லா ஃபாக்டரியும் மாறும்.

முதல் சோதனை: கடந்த ஒரு வருடத்தில் வாடிக்கையாளர் கேட்ட மாற்றங்களை எழுதி, எந்தப் பக்கம் அதிகம் என்று பாருங்கள். பட்டர்ன் தாங்கும் பக்கமே அதிகமென்றால், இன்று வந்தது ஒரு விதிவிலக்கு. பத்துக் கோப்பையும் மாற்றிவிட்டு, எந்தப் பத்து என்பதைக் குறிப்பில் எழுதுங்கள், போதும்.

எதிர்ப் பக்கம்தான் அதிகம் என்றால் பட்டர்ன் பிழையான பக்கத்தில் போடப்பட்டிருக்கிறது. அம்பாறை நகரத்துக் கடைகளுக்கும் கொடுக்கும் பில்லிங் மென்பொருளில் இப்படி நடக்கும். தமிழிலும் சிங்களத்திலும் பில் அச்சடிக்க மொழிக்கொரு கிளாஸ் குடும்பம் எழுதியிருப்பார்கள். மொழி கூடவே இல்லை, பில்லின் வகைதான் கூடிக்கொண்டு போகிறது: கடன் பில், திருப்பிய பில், மொத்த விற்பனைப் பில். ஒவ்வொன்றுக்கும் மொழிக்கொரு கிளாஸ். இங்கே மொழியை வெறும் சொற்கோப்பாக இறக்கிவிட்டு, பில் வகையைக் கிளாஸாக வைப்பது சரி.

இது பெரிய வேலை. தானாக ஓடும் டெஸ்ட் இல்லாமல் தொடங்காதீர்கள். டெஸ்ட் இல்லையென்றால், பழைய பில்களைக் கொஞ்சம் எடுத்து, அதே உள்ளீட்டுக்கு அதே தொகையும் அதே அச்சும் வருகிறதா என்று ஒப்பிடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டாவது எழுதுங்கள். அதுவும் முடியாத அளவுக்குக் கோட் சிக்கியிருந்தால் அனுபவமுள்ள ஒருவரை அழைக்கும் நேரம் அதுதான்.

அறிகுறி 6: குறிப்பு இருக்கிறது, கோட்டோடு ஒத்துவரவில்லை

குறிப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கூகுள் டொக்கில், யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கில் இருந்தால் இப்போதே எடுத்து ரெபோவுக்குள் போடுங்கள். அந்த ஆள் வேலையை விட்டுப் போகும்போது கணக்கும் போய்விடும்.

அடுத்தது, அளவு. எல்லா மெதட்டும் உள்ள பெரிய கிளாஸ் படம் என்றால் அது பழசாகியே தீரும். கிளாஸ் படத்தை எடிட்டரே வரைந்து தரும், கையால் பராமரிக்க வேண்டியதில்லை. கோட்டிலிருந்து எடுக்க முடியாததை மட்டும் வையுங்கள்: ஏன் போட்டோம், வேறு எதை யோசித்துக் கைவிட்டோம், எது கடினமாகிவிட்டது. மைக்கேல் நைகார்ட் 2011-இல் எழுதிய முடிவுப் பதிவு முறை இதற்கு நன்றாகப் பொருந்தும். ஒரு முடிவுக்கு ஒரு சின்னக் கோப்பு: சூழ்நிலை, முடிவு, அதன் நிலை, விளைவு. முடிவு மாறினால் பழைய கோப்பை அழிக்காமல் "இன்ன கோப்பு இதை மாற்றியது" என்று குறித்துவிட்டுப் புதியதை எழுதுவது.

அறிகுறி 7: குறிப்பு சரிதான், புதிதாக வந்தவருக்குக் கை ஓடவில்லை

"அண்ணா, புது நெல்லினம் ஒன்று சேர்க்க வேணும், எங்க கை வைக்கிறது?"

இந்தக் கேள்வி வருகிறதென்றால் உங்கள் குறிப்பில் அமைப்பு மட்டும் இருக்கிறது, செய்முறை இல்லை. நான் ஒவ்வொரு பட்டர்னுக்கும் அந்த இன்டர்ஃபேஸ் கோப்பின் தலையிலேயே இப்படி எழுதுகிறேன்:

> பட்டர்ன்: ஸ்ட்ரட்டஜி.
> எதற்காக: ஈரக் கழிவு ஆலைக்கு ஆலை வேறு, முன்பு ஒரே மெதட்டில் இஃப் வரிகளாக இருந்தது.
> மாறக்கூடியது: விலையும் கழிவும். மாறாதது: எடை எப்போதும் கிலோவில்தான் உள்ளே வரும்.
> யார் தெரிவு செய்கிறார்: தராசுத் திரை.
> புதிதாகச் சேர்க்க: இந்த இன்டர்ஃபேஸுக்கு ஒரு கிளாஸ், பதிவுப் பட்டியலில் ஒரு வரி, மாதிரி எடைகளோடு ஒரு டெஸ்ட். தராசுத் திரையைத் தொடத் தேவையில்லை.
> கழற்றலாம்: எல்லா ஆலைக்கும் ஒரே கழிவு முறை வந்தால்.

கிளாஸ் பெயரும் பட்டர்ன் பெயரும் ஆங்கிலத்தில் இருப்பது போலவே இருக்கட்டும், விளக்கத்தைத் தமிழில் எழுதுங்கள். குழுவில் சிங்களம் பேசுபவர் இருந்தால் எளிய ஆங்கிலத்தில் எழுதலாம்.

எழுதியது சரியா என்று பார்க்க, கோட்டைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, இல்லாத ஒரு நெல்லினத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருங்கள், வாய் திறக்காதீர்கள். எங்கே நிற்கிறாரோ அந்த இடத்துக்கு ஒரு வரி சேர்த்துவிட்டு, அவர் செய்த மாற்றத்தை வீசிவிடுங்கள்.

வெளியாளை அழைத்தால்

மணிக்கணக்கில் காசு வாங்குபவரிடம் "கோட் விளங்கவில்லை" என்று கொடுத்தால், முதல் நாள் முழுக்க நீங்கள் அறிகுறி 2-இல் செய்திருக்கக்கூடியதை அவர் செய்வார். ஓடும் ரெபோ, கோல் ஸ்டாக் எழுதிய தாள், கேட்பவர்களின் பட்டியல், வாடிக்கையாளர் கேட்ட மாற்றங்களின் பட்டியல், கோளாறைத் திரும்ப வரவைக்கும் வழி, இவ்வளவையும் முதலிலேயே கொடுங்கள். உண்மையான வாடிக்கையாளர் பெயரும் அடையாள அட்டை எண்ணும் உள்ள டேட்டாபேஸைக் கொடுக்காதீர்கள், பெயரை மாற்றிய பிரதியைக் கொடுங்கள்.

வேலை தொடங்குமுன்னரே ஒன்றைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்: திருத்திய ஒவ்வொரு பட்டர்னுக்கும் மேலே உள்ள மாதிரிக் குறிப்பு ரெபோவில் வந்த பிறகுதான் கடைசித் தவணை.